பெல்ட்டின் உள்பக்கம்

கைவேலை கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. செய்த பொருள் காய்வதற்குள் அதை யார் தலையிலாவது கட்டிவிடத் துடிப்பார்கள். வாங்கிக்கொள்கிறவர் படும் பாட்டைப் பற்றிக் கவலையே இருக்காது. எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த காலத்தில் நடந்தது இது.

நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். நாற்பது வயதைத் தாண்டியதும் எனக்குக் கைவேலைப் பித்துப் பிடித்தது. முதலில் கண்ணாடியில் ஓவியம், அப்புறம் சோப்பு, அப்புறம் கேக். (அந்தக் கேக்கைப் பற்றி எங்கள் தெருவில் இன்றும் பேச்சு உண்டு. நல்ல பேச்சு இல்லை.) ஒவ்வொன்றும் சரியாக மூன்று மாதம் ஓடும். நாலாவது மாதம் சாமான்கள் பரணுக்கு ஏறிவிடும்.

கடைசியாக வந்ததுதான் தோல் வேலை. யாரோ ஒருவர் ஒரு தோல் துண்டில் வரிசையாகத் துளை போட்டு, இரண்டு ஊசிகளை இரண்டு பக்கமிருந்தும் கோத்து இழுத்து ஒரு பர்ஸ் தைப்பதைப் போனில் பார்த்தேன். பார்க்கப் பார்க்க மனசுக்கு அவ்வளவு நிதானமாக இருந்தது. அன்றைக்கே சுத்தியல், துளை போடும் உளி, மெழுகு நூல், சாயம் என்று எல்லாவற்றுக்கும் ஆர்டர் போட்டுவிட்டேன். முதல் பர்ஸில் ஆர்வக்கோளாறில் நாலு பக்கமும் தைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "திருட்டு பயமே இல்ல" என்றார்.

ஆனால் இந்தத் தடவை நான் விடவில்லை. வாரக் கடைசியில் இரண்டு நாளும் மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தேன். கோணல்மாணலாகப் போன தையல் மெல்ல மெல்ல நேரானது. வெட்டிய ஓரத்தை ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கத் தெரிந்தது. ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு உண்மையிலேயே கூடு மாதிரி வந்தது.

இதை நம்பாத ஒரே ஆள் எங்கள் அத்தான், என் அக்கா செண்பகத்தின் கணவர். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு, இப்போது சுந்தரபாண்டியபுரத்தில் வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நல்ல மனுஷர்தான். வாய்தான் கொஞ்சம் நீளம். என்னை எங்கே பார்த்தாலும், நாலு பேர் நடுவில் சத்தமாக ஒரே கேள்வி:

"என்ன வள்ளி, இது எத்தனாவது மாசம்?"

அவர் கேட்பது தோல் வேலையைப் பற்றி. கேட்கிறவர்களுக்கு அது தெரியுமா? ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரம்மா தன் அதிரசத்தை எடுத்து என் இலையில் வைத்து, "இந்த வயசுல வெயிட்டா ஒண்ணும் தூக்காதட்டி" என்று காதோடு சொன்னார்.

நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். ஒன்றையாவது வள்ளி உருப்படியாகக் கற்றுக்கொண்டாள் என்று அந்த வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. அத்தானின் பழைய பெல்ட் வெடித்திருந்தது. "நான் ஒண்ணு செஞ்சு தாரேன்" என்றேன்.

"சாரலுக்கு நாங்க குத்தாலம் வருவோம்லா, அதுக்குள்ள முடி. தாக்குப்பிடிச்சா இனிமே நான் மாசக் கணக்கே கேக்க மாட்டேன்" என்றார் அத்தான்.

நாலு விரல் அகலத்தில் பட்டை வெட்டினேன். கொக்கி வைத்தேன். இரட்டைத் தையல் போட்டேன். ஓரங்களுக்குக் கறுப்புச் சாயம் பூசினேன். இதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தோல் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் தங்கள் பெயரை ஒரு முத்திரையாகக் குத்துகிறார்களே, எனக்கு மட்டும் இல்லாவிட்டால் எப்படி? ஒரு தேக்குக் கட்டையில் இரண்டு நாள் மெனக்கெட்டு ‘வள்ளி’ என்று செதுக்கினேன். எழுத்து அவ்வளவு அழகு. கட்டையைக் கறுப்புச் சாயத்தில் தொட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று முதலில் பெல்ட்டின் உள்பக்கத்தில் வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

எடுத்துப் பார்த்தால், என் பெயர் வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டிருந்தது.

கண்ணை நம்பாமல் பக்கத்திலேயே இன்னொன்று குத்தினேன். அதுவும் அப்படியே. கட்டையைத் தலைகீழாகத் திருப்பினால் சரியாகிவிடும் என்று எந்த மூளை சொன்னதோ, மூன்றாவதையும் குத்தினேன். அது தலைகீழாகவே நின்றது. (கண்ணாடியில் இடவல மாற்றம் ஏற்படும் என்று பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். தெரியாதவர்களை முட்டி போட வைத்ததும் உண்டு.)

சரி, உள்பக்கம்தானே, பெல்ட்டைத் திருப்பி யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். சாயம் நன்றாகக் காய வேண்டும், பிறகு துணியில் ஒட்டாத வரைக்கும் தேய்க்க வேண்டும், அதற்குப் பிறகு மேல்பூச்சு பூச வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஆனி மாதச் சாரலில் எங்கள் ஊரில் உள்பாவாடையே காய மூன்று நாளாகும். தேய்த்தேன், துணியில் சாயம் வந்தது. மறுபடியும் தேய்த்தேன், மறுபடியும் வந்தது. வீட்டில் பழந்துணி தீர்ந்ததே தவிர சாயம் தீரவில்லை. வெளிப்பக்கம் மட்டும் பூச்சைப் பூசிவிட்டு, பெல்ட்டைப் பொட்டலம் கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போனோம். அத்தான், அக்கா, நான், என் வீட்டுக்காரர். நல்ல சாரல், நல்ல கூட்டம். அத்தான் முதலில் அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவரிடம் உட்கார்ந்து உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டார். எழுந்ததும் பையிலிருந்து என் பெல்ட்டை எடுத்தார்.

"அத்தான், அருவிக்குள்ள எதுக்கு பெல்ட்டு?" என்றேன்.

"பட்டாளத்துல சோதிக்காம எதையும் வாங்க மாட்டோம்ட்டி" என்று சொல்லி, டவுசருக்கு மேலே வெறும் வயிற்றில் இறுக்கி மாட்டிக்கொண்டு போய்விட்டார். பெண்கள் பக்கம் போய்க் குளித்த அரை மணி நேரமும் என் தலையில் விழுந்தது தண்ணீர்தானா என்றுகூட எனக்கு நினைவில்லை.

திரும்பி வந்தால், அத்தான் எண்ணெய் தேய்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"வள்ளி, ஒரு தையல் பிரியல! கொக்கி ஆடல! ஒத்துக்கிடுதேன். நீ தொழிலக் கத்துக்கிட்ட."

இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இவ்வளவும். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தக் கலங்கிய கண்ணோடுதான் அவர் பெல்ட்டைக் கழற்றுவதைப் பார்த்தேன். இடுப்பைச் சுற்றி அரைஞாண் கயிறு மாதிரி கறுப்பாக இரண்டு வளையம். அவற்றுக்கு நடுவில், தொப்புளுக்குப் பக்கத்தில், வள்ளி. அதையடுத்து வள்ளி. அதையடுத்துத் தலைகீழாக ஒரு வள்ளி. பெல்ட்டில் திரும்பி விழுந்த எழுத்து, அவர் வயிற்றில் இன்னொரு தடவை திரும்பி, அச்சடித்த மாதிரி நேராக வந்திருந்தது.

எண்ணெய் தேய்த்துவிட்டவர் வேறொருவர் முதுகில் கையை வைத்தபடியே குனிந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, நான் தேய்க்கும்போது ஒண்ணும் இல்லியே! அருவிக்குள்ள போயி பச்ச குத்திட்டு வாரீயளாக்கும்?" அக்காவைப் பார்த்து, "பாத்தியளா மைனி, உங்க பேர மூணு தடவ எழுதிருக்காக. கொடுத்து வச்சவுக நீங்க" என்றார்.

"எம் பேரு செண்பகம்" என்றாள் அக்கா.

எண்ணெய்க்காரர் கை நின்றுவிட்டது.

"அப்ப வள்ளி யாரு?"

யாரும் பதில் சொல்லாமல் இருந்திருந்தால் போதும். என் வீட்டுக்காரர் உதவி செய்ய முன்வந்தார். என்னைக் கைகாட்டி, "இவதான். என் வீட்டுக்காரி" என்றார்.

அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெளிவாகத் தெரியாது. எலுமிச்சம்பழம் வாங்கியது நினைவிருக்கிறது. சீயக்காய் வாங்கினோம், சோப்பும் வாங்கினோம். அத்தானைத் தேய்க்கத் தேய்க்க வயிறு சிவந்தது. சிவப்பின்மேல் வள்ளி இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. இரண்டு வாரம் அது போகவில்லை. கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலுக்குப் போனபோது, தோளில் கிடக்க வேண்டிய துண்டை அத்தான் இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தாராம்.

வீடு வந்து சேரும்வரை அக்கா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அத்தான் கேலி செய்தால் தாங்கிக்கொள்வேன், அக்கா முகம் வாடினால் என்னால் தாங்க முடியாது. மறுநாள் முழுக்கப் போன் இல்லை. அதற்கடுத்த நாள் அவளே கூப்பிட்டாள்.

"ஏட்டி, எனக்கும் ஒரு கட்ட செதுக்கித் தா. செண்பகம்னு."

"கண்டிப்பாக்கா! இந்தத் தடவ திருப்பிச் செதுக்குதேன், தோல்ல நேரா விழும்."

"அதெல்லாம் வேண்டாம். நீ முன்ன செதுக்குன மாதிரியே செதுக்கு. எனக்கு மாட்டுத் தோல்ல விழ வேண்டாம், உங்க அத்தான் தோல்ல நேரா விழணும்."

செதுக்கிக் கொடுத்தேன். அக்கா அதைப் பயன்படுத்தினாளா இல்லையா என்று இன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு குற்றாலத்தில் அத்தான் பனியனைக் கழற்றியதே இல்லை. ஒவ்வொரு சாரலுக்கும் அவர் பனியனோடு அருவிக்குள் போகும்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கரையில் நின்று கத்துவார்கள்:

"இந்த வருசம் யாரு?"