கரி குடிக்கும் சங்கு

தூத்துக்குடிக் கடல் எத்தனையோ காலமாகச் சங்கு தருகிறது. நாம் அதை விற்றோம், ஊதினோம், ஷோகேஸில் வைத்துத் தூசி தட்டினோம். அது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடிக்கும் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைச் சொல்ல ஹரிதானந்தர் டீசல் காரில் வரவேண்டியிருந்தது.

பச்சை ஜிப்பா, மூங்கில் ஃபிரேம் கண்ணாடி. விசிட்டிங் கார்டில் ‘கார்ப்பரேட் பசுமைச் சித்தர்’. பீச் ரோட்டில் அவர் எந்த ஆபீஸுக்குள் நுழைந்தாலும் வெளியே கார் இன்ஜின் ஓடிக்கொண்டேயிருக்கும். சித்தர் திரும்பி வரும்போது சீட்டு ஜில்லென்று இருக்க வேண்டாமா?

கூட்டம் சொல்லி மாளாது. கப்பல் ஏஜென்சிகள், கிளியரிங் ஆபீஸ்கள், இரண்டு ஓட்டல்கள், ஒரு பல் ஆஸ்பத்திரி. “சாப்டாச்சா?” என்று கேட்பது போய் “சங்கு வச்சாச்சா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். சங்கு வைத்த ஆபீஸின் வாசலில் ‘பசுமை அலுவலகம்’ என்று பித்தளைப் பலகை மாட்டுவார்கள். உள்ளே எல்லா விளக்கும் எரியும்.

சிவபாலன் அண்ணாச்சியின் கப்பல் ஏஜென்சிக்கு அந்தப் பலகை அவசரமாகத் தேவைப்பட்டது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, ‘சுற்றுச்சூழலுக்கு உங்கள் அலுவலகம் என்ன செய்திருக்கிறது?’ என்று கேட்டு மெயில் அனுப்பியிருந்தது. அண்ணாச்சி தம் அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தார். அடைத்த ஜன்னல்கள், நடுங்கவைக்கும் ஏசி, ஒரு பிளாஸ்டிக் செடி. உடனே சித்தருக்குப் போன் போட்டார்.

சித்தர் வந்தார். மேசைமேல் ஒரு சிறு கருவியை வைத்தார். காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று அது எண்ணில் காட்டும். ஆயிரத்து எண்ணூறு! சிவப்பு விளக்கு வேறு.

“கடல் கரியை உறிஞ்சுகிறது. விஞ்ஞானமே ஒப்புக்கொள்கிறது. சங்கு கடலின் பிள்ளை. பிள்ளை சும்மா இருக்குமா?”

சித்தர் பையிலிருந்து ஒரு சங்கை எடுத்தார். சங்கைத் தட்டில் வைத்துப் பச்சைப் பட்டால் மூடினார். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னார். கெட்ட சக்தி வெளியேற வழி வேண்டுமாம். பிறகு அனைவரும் மொட்டைமாடிக்குப் போய்க் கடலைப் பார்த்துக் கண்மூடி மௌனம். திரும்பி வந்து பார்த்தால் கருவியில் ஐந்நூறு! பச்சை விளக்கு!

டாக்குமென்ட் பார்க்கும் எமில்டா சங்கைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆமாம், அவளும்தான் நம்பினாள்.

அவள் நம்பிக்கை சாயங்காலம் வரைக்கும் நின்றது. அப்போதுதான் சித்தரின் முதல் உத்தரவு வெளியானது. முத்தையாபுரத்திலிருந்து ஆட்களை ஏற்றிவரும் ஸ்டாஃப் வேன் டீசலில் ஓடுவதால் பாவம், நிறுத்திவிட வேண்டும். வேனுக்கு ஆகும் செலவு சங்கின் ஆண்டுச் சந்தாவுக்குச் சரியாக வரும். என்ன பொருத்தம்!

“அண்ணாச்சி, வேன் நின்னா ஆளுக்கொரு பைக்குல வருவாவளே. அது புகை இல்லியா?” என்றாள் எமில்டா.

“அதெல்லாம் சங்கு குடிச்சிரும்மா.”

எமில்டாவின் புருஷனுக்குக் கப்பலில் வேலை. கைக்குழந்தை பக்கத்து வீட்டில். கப்பல் வரும் நாட்களில் ஆபீஸ் முடிய நேரமாகும். கடைசி பஸ் காத்திருக்காது. அவளுக்குப் பைக்கும் ஓட்டத் தெரியாது. வேன் நின்றால் வேலையும் நின்றது. நம்மில் பலருக்குப் பகுத்தறிவு இப்படித்தான் பிறக்கிறது: நஷ்டம் நம் வீட்டுக் கதவைத் தட்டும்போது.

பக்கத்து மேசை ஜாய்சனிடம் புலம்பினாள். அவன் திரேஸ்புரத்துக்காரன், அப்பா கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர்.

“ஏளா, எங்க வீட்ல மூட்டை மூட்டையா சங்கு கெடக்கு. எங்கம்மைக்கு இன்னும் மூச்சு வாங்கத்தான் செய்யுது.”

சனிக்கிழமை சங்குப் பிரதிஷ்டை. மற்ற ஆபீஸ் முதலாளிகளும் வந்து ஏசி அறையில் நெருக்கியடித்து நின்றார்கள். கருவி சிவந்தது. பட்டு மூடியாயிற்று, ஜன்னல்கள் திறந்தாயிற்று. எல்லோரும் மாடிக்குப் போனார்கள். எமில்டா கடைசியாகப் போனாள்.

மௌனம் முடிந்து திரும்பினால் பச்சை விளக்கு. கைதட்டல் கூரையைப் பிளந்தது. சித்தர் பட்டின்மேல் கைவைத்து உருகினார்.

“ஆஹா! வயிறு நிறையக் குடித்திருக்கிறது. கனம் தெரிகிறது!”

“கொஞ்சம் தொறந்து காட்டுங்க சாமி,” என்றாள் எமில்டா.

திறந்தார். தட்டில் ஒரு காலி டீ கிளாஸ் கவிழ்ந்திருந்தது.

எமில்டா தன் சாப்பாட்டுப் பையிலிருந்து சங்கை எடுத்து மேசையில் வைத்தாள். லேசாக மீன்குழம்பு வாசம் அடித்தது.

“மாத்தி வச்சது நான்தான். இது எங்கூட மாடியில நின்னுச்சு. அப்ப டீ கிளாஸும் கரி குடிக்குமா சாமி?”

சித்தர் ஒரு நொடி திணறினார். ஒரே நொடிதான், தொழில்காரர் அல்லவா? “சங்கு தூரத்திலிருந்தும் செயல்படும், மகளே.”

“அப்ப கடல்ல கெடந்தே செய்யட்டும். சந்தா எதுக்கு?” என்றான் ஜாய்சன்.

யாரோ சிரித்தார்கள். ஓட்டல்காரர் பிச்சையா மட்டும் சிரிக்கவில்லை. போன வாரம்தான் அவர் சந்தா கட்டியிருந்தார்.

“ஏலே, கதவைச் சாத்துங்க. ஜன்னலையும் அடைங்க. சங்கு உள்ள, நாமளும் உள்ள. குடிக்கட்டும், பாப்பம்.”

சாத்தினார்கள். சித்தர் வாசல் பக்கம் நகர்ந்தார். பிச்சையாவின் தோள் குறுக்கே நின்றது. அத்தனை பேரும் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு கருவியையே பார்த்தார்கள். எழுநூறு. தொள்ளாயிரம். ஆயிரத்து முந்நூறு. கருவி பாவம், அது என்றைக்குமே பொய் சொன்னதில்லை. அடைத்த அறையில் மனிதர்கள் விடும் மூச்சை எண்ணிச் சொன்னது. ஜன்னலைத் திறந்து ஆட்கள் வெளியேறினால் எண் குறையும். இவ்வளவுதான் அற்புதம். சித்தருக்கு இப்போது மூச்சு பலமாக வாங்கியது. அதையும் கருவி விடாமல் சேர்த்துக்கொண்டது.

விளக்கு சிவந்ததும் பிச்சையா கையை நீட்டினார். சித்தர் முதலில் மூங்கில் கண்ணாடியைத் துடைத்தார், அப்புறம் முகத்தைத் துடைத்தார், கடைசியில் பர்ஸை எடுத்தார்.

திங்கட்கிழமை முத்தையாபுரம் வேன் வந்தது. எமில்டா ஏறினாள். பக்கத்து ஆபீஸ்காரர்கள் சிலரும் பைக்கை வீட்டில் விட்டுவிட்டு அதிலேயே தொற்றிக்கொண்டார்கள். ஆபீஸில் ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. கடற்காற்று வந்து ஃபைல்களைப் புரட்டியது. ஏசியை மதியம்தான் போட்டார்கள். அண்ணாச்சி வெளிநாட்டு மெயிலுக்குப் பதில் எழுதும்போது எமில்டாவைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, அந்தாளு பனைவெல்லத்துல செஞ்ச விளக்கு ஒண்ணும் வச்சிருந்தாராமே. ராத்திரி ஆபீஸ்ல வச்சா கரண்ட் பில் பாதியாயிருமாம். அதுவும் பொய்யாத்தான் இருக்குமோ?”

“பாதியாவும் அண்ணாச்சி. வீட்டுக்குப் போறப்ப சுவிட்சை அணைச்சா.”

அண்ணாச்சி எழுந்துபோய் அணைத்தார். சுவிட்சு சுவரில்தான் இருந்தது. இத்தனை நாளாகத் தலைக்குள் அணைந்து கிடந்தது வேறொன்று. அதைப் போட்டுவிட எந்தச் சித்தரும் வரமாட்டார். போட்டுவிட்டால் அவர் பிழைப்பு போய்விடும்.