வாசனை இல்லையென்று ஓர் உத்தரவு

1934ஆம் வருஷம், குற்றாலத்தில் சாரல் நன்றாக இறங்கியிருந்த சமயம், தென்காசி வியாபாரி நல்லகண்ணு, சீசன் கடைகளுக்கு லைசென்சு கொடுக்கும் அதிகாரிக்கு ஒரு புகார் எழுதினார். ஐந்தருவியில் கடை போட்டிருக்கும் வடகரை சேக் மைதீனின் நாலணா செண்டு, தாம் விற்கும் ஒன்பது ரூபாய் பாரீசு செண்டைப் போலவே மணக்கிறது. இதனால் கூட்டத்தில் கனவான் யார், மற்றவன் யார் என்று தெரியாமல் போகிறது என்பது புகார்.

அதிகாரி வந்தார். முதலில் அருவியை விசாரித்தார். மூன்று நாள், வேளைக்கு ஒரு குளியல். நாலாம் நாள் மூக்கு இறுக அடைத்துக்கொண்டது. விசாரணையைத் தள்ளிவைக்க விதியில் இடமில்லை.

மேஜைமேல் இரண்டு புட்டிகள்.

“எசமான், இந்த மூணு மாசம் வித்தாத்தான் வருசம் பூரா என் வீட்ல உலை கொதிக்கும். லைசென்சைப் பறிச்சிராதீங்க” என்றார் சேக் மைதீன்.

அதிகாரி இரண்டையும் மோந்தார். ஒன்றும் தெரியவில்லை. குமாஸ்தா பரமசிவனிடம் நீட்டினார்.

“உமக்கு எப்படித் தெரிகிறது?”

“எசமானுக்கு எப்படித் தெரியுதோ, அப்படியேதான்.”

ஆபீஸ் பெருக்கும் மூக்கம்மாள் கேட்காமலே சொன்னாள்: “ரெண்டும் ஒண்ணுபோலக் கமகமன்னு மணக்குதே! இதுக்கா இம்புட்டு நேரம்?”

“உன் சம்பளம் என்ன?”

“மூணு ரூவா.”

“மூன்று ரூபாய் மூக்குக்கு ஒன்பது ரூபாய்ச் சரக்கை மோக்கும் அதிகாரம் கிடையாது. எழுதும், பரமசிவன்!”

உத்தரவு பிறந்தது: ‘இரு புட்டிகளிலும் வாசனை என்பதே இல்லை. மணமில்லாத ஒன்று மணமில்லாத மற்றொன்றைப் போல மணப்பது அசாத்தியம். புகார் தள்ளுபடி. சேக் மைதீனின் லைசென்சு நீடிக்கும்.’

நல்லகண்ணு பதறினார். “எசமான்! ஆபீசே மணக்குதே!”

“உமக்கு மணக்கிறதா? உமது வருமானம் எவ்வளவு?”

நல்லகண்ணு சற்று யோசித்தார். “மணக்கல, எசமான்.”

உத்தரவின் நகலை ஊரெங்கும் ஒட்டினார்கள்; அதிகாரி வருமானம் கேட்ட கதையும் கூடவே பரவியது. மணக்கிறது என்றால் வருமானம் போதாது என்றாகிவிடும். வக்கீல்களும் மிராசுதார்களும் நாலணாப் புட்டிகளை வாங்கித் தலையோடு கவிழ்த்துக்கொண்டு, ‘மணக்கிறதா?’ என்று ஒருவரையொருவர் விசாரித்தார்கள். மணமில்லாததற்கு ஒன்பது ரூபாய் கொடுக்க ஆளில்லை. ஆடி முடியுமுன் சேக் மைதீனின் சரக்கு தீர்ந்தது.

அந்த ஆவணியில் இலஞ்சியில் ஒரு கல்யாணம். பந்தலுக்குள் நுழைந்ததும் எனக்குத் தலை கிறுகிறுத்தது. பக்கத்து இலைக்காரர் என் பக்கம் சாய்ந்து கேட்டார்:

“ஏதாச்சும் மணக்குதா வே?”

எனக்கு அப்போது மாதம் பதினோரு ரூபாய்ச் சம்பளம். சாம்பார்கூட மணக்கவில்லை என்றேன்.