முட்டை ஓட்டில் டீ போட்ட குற்றம்

பேரன்புக்குரிய அட்ராக்டா சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் டர்வ்லா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இரண்டு பசுக்களும் நலம். நீங்களும் லீட்ஸ் நகரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு மேல் என் நலத்துக்கு நான் பொறுப்பல்ல. போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும்.

எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள் கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய படப் புத்தகம்தான். அதைக் கெராட்டி சாரிடம் கொடுத்தேன். அவர் தினமும் ஒரு பக்கம் வகுப்பில் படித்துக் காட்டினார். ஏழாம் பக்கம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 'நல்லவர்கள்' (மண்மேட்டுக்கு அடியில் வாழும் மாயக் கூட்டம்தான்; இந்த இருட்டில் அவர்களுடைய நிஜப் பெயரை எழுதி இன்னொரு வம்பை இழுத்துக்கொள்ள மாட்டேன்) குழந்தையைத் தூக்கிப் போய்விட்டு, தங்கள் கிழவன் ஒருவனைத் தொட்டிலில் போட்டுவிடுவார்கள். அவன் மலைபோல் தின்பான், ஆனால் சதை பிடிக்காது. முட்டை ஓட்டில் சமைத்துக் காட்டினால் சிரித்து, "முந்நூறு வருஷமா இருக்கேன், இப்படி ஒரு கூத்த இப்பதான் பாக்கறேன்" என்று வயதை உளறிவிடுவான்.

இந்த நேரம் பார்த்துத் திங்கட்கிழமை டப்ளினிலிருந்து பள்ளி இன்ஸ்பெக்டர் டெம்ப்ஸி வந்தார். தங்கியது நம் வீட்டு முன்னறையில். காலையில் மூன்று முட்டை, ஆறு துண்டு ரொட்டி, அதன்மேல் விரல் தடிமன் வெண்ணெய். ஆள் மட்டும் குடைக்கம்பி. முகமோ ஏழாம் பக்கத்துத் தொட்டில் முகமேதான். இதை நான் வகுப்பில் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

செவ்வாயன்று அவர் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டி, "வயல்ல 'நல்லவங்க' வழி தப்ப வெச்சா, போட்டிருக்கிற கோட்ட உள்பக்கம் வெளியா திருப்பிப் போடணுமாம்! சார், மனுஷன் நிலாவுக்குப் போயிட்டு வந்தாச்சு. இங்க இதான் பாடமா?" என்றார். கெராட்டி சார் காது சிவந்து நின்றார். தன் கூட்டத்து ரகசியம் வெளியே வந்ததில்தான் இன்ஸ்பெக்டருக்குக் கோபம் என்று எங்களுக்கு அதுவே போதுமான சாட்சி.

இன்று சார் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனதும், இன்ஸ்பெக்டர் காலையில் தின்ற மூன்று முட்டைகளின் ஓடுகளையும் வகுப்பறை அடுப்பின் மேல் வைத்துத் தண்ணீரும் டீத்தூளும் போட்டேன். அவர் எட்டிப் பார்த்தார். முதல்முறையாகச் சிரித்தார்.

"முப்பத்தெட்டு வருஷமா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா சுத்தறேன், முட்டை ஓட்டுல டீ போட்டு இப்பதான் பாக்கறேன்!"

சித்தி, நீங்களே சொல்லுங்கள், நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? "சொல்லிட்டான்டா!" என்று என் பக்கத்து பெஞ்சு லோர்கன் கத்தினான். பழுக்கக் காய்ச்சிய இடுக்கியைக் காட்டினால் கிழவன் ஓடிவிடுவான், தூக்கிப் போனவர் திரும்பி வருவார் என்று எட்டாம் பக்கத்தில் இருந்தது. எங்களுக்கு அவ்வளவு கல்நெஞ்சம் இல்லை, ஆறிய இடுக்கியைத்தான் நீட்டினோம். அவர் பின்வாங்கிப் பின்வாங்கிக் கரிக் கொட்டகைக்குள் போனார். லோர்கன் கதவைச் சாத்தி, கொண்டியில் இரும்புக் கம்பியைச் செருகினான். பிறகு, நிஜ இன்ஸ்பெக்டர் திரும்பி வருவதற்காக முன்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம். வந்தது கெராட்டி சார்.

"அடப் பாவிங்களா! நான் வாசிக்கத்தானே குடுத்தேன், செய்முறைக்கா குடுத்தேன்?"

கரி பூசிய முகத்தோடு வெளியே வந்த இன்ஸ்பெக்டர் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "பதினேழு பிள்ளைங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் எதுக்கு? மூடிட்டு டவுன் பள்ளியோட சேத்துடுங்கன்னு இன்னிக்கே எழுதி தபால்ல போடறேன்." மூடினால் சாருக்கு வேலை போகும். எங்களுக்குத் தினமும் பதினோரு மைல் பயணம். நான்தான் காரணம் என்று ஊருக்கே தெரியும். நாளை ஒன்பது மணிக்குப் பாதிரியாரும் விசாரணைக்கு வருகிறார்.

இரவுச் சாப்பாடு முடிந்ததிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம் கேட்டது. கொஞ்சம் முன்னால் அவர் உறையோடு மல்வி வீட்டு வயல் வழியாகத் தபால் பெட்டிக்குக் கிளம்பிவிட்டார். எனவே நீங்கள் சாகக் கிடப்பதாகவும், கடைசியாக என்னைப் பார்க்க வேண்டும் என்றும் உடனே தந்தி அடியுங்கள். பெரிய வியாதியாக இருந்தால் நல்லது.

சித்தப்பாவுக்கு என் அன்பு. கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், தந்தி அடித்த பிறகு.

இப்படிக்கு,
நடுங்கும் டர்வ்லா

பி.கு.: சித்தி, நீங்கள் சாக வேண்டாம். அம்மா தூங்கும்வரை காத்திருந்து, இதை ஒட்டப் பசை எடுக்கச் சமையலறைக்குப் போனேன். பின்வாசலில் இன்ஸ்பெக்டர். முழங்கால்வரை சேறு, கையில் அதே உறை, சொட்டச் சொட்ட. இரண்டு மணி நேரம் ஒரே வயலைச் சுற்றியிருக்கிறார், வாசல் படலே கிடைக்கவில்லையாம். கோட்டு உள்வெளியாக இருந்தது.

"நான் கோட்டைத் திருப்பிப் போட்டத நீ பாக்கலை," என்றார் மெதுவாக. "முட்டை ஓட்ட நானும் பாக்கலை."

"சரிங்க ஐயா."

உறையை அடுப்பில் போட்டார். போகிறவர் நின்று, "ஏம்மா... இத எப்ப நேரா போட்டுக்கலாம்னு அந்தப் புத்தகத்துல இருக்கா?" என்றார்.

"பதிமூணாம் பக்கத்துல இருக்குங்க ஐயா. ஆனா புத்தகம் பள்ளிக்கூடத்துல இருக்கு. பள்ளிக்கூடம் இருந்தாத்தான் பாத்துச் சொல்ல முடியும்."