கொடுத்த இலையும் எடுத்த இலையும்

குல்பரா டீச்சர் ஜன்னலோரத் தட்டில் வைத்திருந்த கல்ரோஜா இலை இந்த வாரமும் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டதும் கொழகொழவென்று விரலோடு வந்தது.

கல்ரோஜா கையளவுச் செடி. சதைப்பிடிப்பான இலை ஒன்றைக் கிள்ளி மணலில் போட்டால் போதும், தானே வேர்விட்டுக் குட்டி போடும் என்று நாரின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுப்பவளே குல்பராதான். அடுத்த மாதம் அதிகாரிகள் வந்து அவள் வகுப்பில் உட்காரப்போகிறார்கள். வேர்விட்ட இலையைக் காட்டாவிட்டால் தாவரவியலை விளையாட்டு வாத்தியாரிடம் கொடுத்துவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தாள். சிரிக்காமல் சொன்னாள்.

அந்தச் செடி ஊரிலேயே, குல்பரா குடியிருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடி சைராகானிடம் மட்டும்தான் இருந்தது. தாராள மனசுக்காரி. வாய்விட்டுக் கேட்கக்கூட வேண்டாம், செடிப் பக்கம் பார்த்தாலே இலையைக் கிள்ளிவிடுவாள். உள்ளே எடுத்துப் போய்க் காகிதத்தில் அழகாகச் சுற்றிக் கொண்டுவந்து தருவாள்.

"மறுபடியும் அழுகிடுச்சா? அடப் பாவமே. இரு, இன்னொண்ணு தரேன்."

"செடியே மொட்டையாயிடும்க்கா."

"ஆனா ஆகட்டும். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுக்காம வச்சு நான் என்ன பண்ணப்போறேன்?"

குல்பரா தண்ணீரைக் குறைத்தாள். அழுகியது. தண்ணீரையே நிறுத்தினாள். அழுகியது. தட்டைச் சமையலறைக்கு மாற்றினாள். அங்கே அழுகியதோடு நாற்றமும் வந்தது. பிள்ளைகளின் கைராசியாவது பலிக்கட்டும் என்று சைராகானிடம் கை நிறைய இலை வாங்கிப் போய் வகுப்பில் ஆளுக்கொன்று கொடுத்தாள். ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்க அழுகியது. விளையாட்டு வாத்தியார் நூலகத்தில் தாவரவியல் புத்தகம் எடுத்துப் போனதாகச் செய்தி வந்தது.

"இலையைக் கேட்டு வாங்கினீங்களா?" என்றார் சரித்திர வாத்தியார் குபானிச், தேநீரை உறிஞ்சிக்கொண்டே.

"வேற எப்படி வாங்கறது?"

"அதான் தப்பு. செடின்னா திருடணும் டீச்சர். கொடுத்த துண்டு வேர்விடாது. எங்க வீட்டு ஜன்னல்ல இருக்கறது பூரா திருட்டுதான். எப்படித் தழைச்சு நிக்குது தெரியுமா?"

"நான் விஞ்ஞானம் படிச்சவ."

"இல்லேன்னு யார் சொன்னா? விளையாட்டு வாத்தியாரும் இப்ப அதைத்தானே படிச்சிட்டிருக்காரு."

அன்று மாலை குல்பரா பெரிய பாக்கெட் வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினாள்.

"ரொட்டி வாயில வைக்காம வாசல்லேர்ந்தே திரும்பறதாவது," என்று சைராகான் கோட்டை உருவி ஆணியில் மாட்டிவிட்டாள். பாக்கெட் போயிற்று. தேநீரும் ஜாமும் பொரித்த ரொட்டித் துண்டுகளும் வந்தன. வழக்கம்போல் சைராகான் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவள் கணவர் அசனாலி சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். குல்பரா சட்டென்று இன்னோர் இலையைக் கிள்ளி, வைக்க வேறு இடமில்லாமல் காலுறைக்குள் சொருகிக்கொண்டாள்.

"என்ன, நொண்டறே?" என்றாள் திரும்பி வந்த சைராகான்.

"கால் மரத்துப்போச்சுக்கா."

கொடுத்த இலையை ஒரு தட்டிலும் எடுத்த இலையை இன்னொரு தட்டிலும் வைத்தாள். அதே மணல், அதே ஜன்னல். கொடுத்தது அழுகியது. காலுறையில் நசுங்கி வந்தது இளஞ்சிவப்பாக வேர்விட்டு, அடியில் கடுகளவு குட்டியும் போட்டது.

ஒருமுறை நடந்ததை விஞ்ஞானம் நம்பாது. அதனால் குல்பரா மறுபடி போய்த் திருடினாள். அதுவும் வேர்விட்டது.

இருந்த கொஞ்சநஞ்ச நிம்மதியும் போயிற்று. இதற்கு என்ன காரணமென்று அதிகாரிகளிடம் சொல்வாள்? அதுகூடப் பரவாயில்லை. உபசரித்து உட்காரவைத்து, அள்ளி அள்ளிக் கொடுத்த மனுஷியின் வீட்டிலேயே கைவைத்திருக்கிறாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. திருட்டுச் செடியைக் காட்டிப் பாடம் நடத்துவதைவிட, விளையாட்டு வாத்தியாரே நடத்திவிட்டுப் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

வேர்விட்ட இலையைத் தட்டோடு எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். சைராகான் சந்தைக்குப் போயிருந்தாள். அசனாலிதான் கதவைத் திறந்தார்.

"அண்ணா, என்னை மன்னிச்சிடுங்க. உங்க செடியில நான் திருடிட்டேன்," என்று சொல்லும்போதே குல்பராவுக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா அவ்வளவு ஆசையாக் கொடுத்தாங்க. ஆனா அவங்க கொடுத்தது ஒண்ணுகூட வேர்விடல. திருடினது மட்டும்தான் விட்டுச்சு. ஏன்னே புரியல."

அசனாலி தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல புரியறதுக்கு என்ன இருக்கு டீச்சரம்மா? வேற யார் வீட்டுலயும் இந்தச் செடி வந்துடக் கூடாதுன்னு, கொடுக்கற இலையையெல்லாம் கொதிக்கிற தண்ணில ஒரு முக்கு முக்கித்தானே என் பொண்டாட்டி காகிதத்துல சுத்துவா."