கீழ்த்தளத்து நிலைக்கண்ணாடி குறித்து மாமாவுக்கு ஒரு விளக்கம்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு மருமகன் வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலம், தங்கள் மகளும் நலம். அங்கே தாங்கள் நலமாக இருப்பீர்கள், அத்தையின் முழங்கால் வலியும் போன மாதத்தைவிடக் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நலம் விசாரிக்க இன்னும் நாலு வரி எழுத வேண்டும் என்பது எனக்கும் தெரியும். விஷயம் பெரிதாக இருப்பதால் அந்த நாலு வரியையும் தாங்களே நிரப்பிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் கடிதம் வந்தது. பல் டாக்டருக்குப் படித்த பெண் தினமும் காலையில் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசல் கூடத்தில், காவலாளியும் பேப்பர் போடுகிறவரும் பார்க்க நின்று தலை வாருகிறாளாமே, வீட்டுக்குள் அவளுக்கு இடமில்லையா என்று கேட்டிருந்தீர்கள். யார் சொன்னது என்று எழுதவில்லை. இரண்டாம் மாடிப் பாட்டு டீச்சர் என்று எனக்குத் தெரியும், அத்தையோடு ஃபோனில் பேசுகிறவர் இந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். செய்தி உண்மை. ஆனால் வீட்டுக்குள் தங்கள் மகளுக்கு இடம் இருக்கிறது. கண்ணாடிக்குத்தான் இல்லை. அது ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன். படித்து முடித்ததும் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும், அதைக் கடைசியில் கேட்கிறேன்.

என் வேலை என்னவென்று கல்யாணத்தின்போது சொந்தக்காரர்களிடம் "ஏதோ மெஷின் பக்கம்" என்று சொல்லிச் சமாளித்தீர்கள். தராசு, வெப்பமானி, அழுத்தமானி இவையெல்லாம் பொய் சொல்கின்றனவா என்று சோதித்து முத்திரை போடுவது என் வேலை. மனிதர்கள் பொய் சொன்னால் எனக்குத் தெரியாது, கருவி சொன்னால் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் வரப்போவதெல்லாம் அந்தப் பெருமைக்கு நேர்ந்த கதி.

தங்கள் மகளுக்கு ஒரு நிலைக்கண்ணாடி மேசை வேண்டுமாம். புதியது ஆகாதாம். அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் செய்ததாக, வால்நட் மரமாக, பூவும் கொடியும் செதுக்காமல் வழவழவென்று, நாரை மாதிரி மெலிந்த காலோடு நிற்க வேண்டுமாம். சரி என்று விடுமுறை நாட்களில் பழைய மரச்சாமான் கடைகளுக்கு அலைந்தோம். முதல் கடையில் ஒன்றைக் காட்டி இது அந்தக் காலத்துச் சாமான் என்று சத்தியம் செய்தார்கள், வார்னிஷ் வாசனை மூக்கைத் துளைத்தது, எனக்குப் பொறுக்கவில்லை, தரையில் படுத்து அடியில் பார்த்தேன், உள்ளே அழுத்திய மரத்தூள், மேலே காகித கனத்துக்கு வால்நட் தோல், தொழிற்சாலை ஒட்டிய ஸ்டிக்கர்கூட இன்னும் பளபளவென்று இருந்தது, அதைப் படுத்த வாக்கிலேயே உரக்கப் படித்தேன். பக்கத்தில் ஒரு தம்பதி வேறொரு மேசைக்குப் பணம் கொடுக்கப் போனவர்கள் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கடைக்காரர் குனிந்து என் முகத்தைப் பார்த்து, "சார், நீங்க வாங்க வந்தீங்களா, கடையை மூட வந்தீங்களா?" என்றார். நியாயமான கேள்விதான், ஆனால் அதற்குப் பிறகு அங்கே நிற்க முடியவில்லை.

இரண்டாவது கடையில் எல்லாமே கண்ணாடி. மேசைக்கு மேலே கண்ணாடி, இழுப்பறைக்குக் கண்ணாடி, பீரோவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை கண்ணாடி. சந்து மாதிரி ஒரு வழியில் எதிரே ஒருவர் வந்தார், நான் ஒதுங்கி நின்றேன், அவரும் ஒதுங்கி நின்றார், மரியாதை தெரிந்த மனுஷன் என்று தலையசைத்தேன், அவரும் தலையசைத்தார், நீங்க முதல்ல போங்க என்று கையைக் காட்டினேன். தங்கள் மகள் சிரித்த சிரிப்பில்தான் அது பீரோ என்று தெரிந்தது. அதே கடையில் அவளுக்கு ஒரு கண்ணாடி பிடித்துப்போய் முன்னாலும் பின்னாலும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். எனக்குச் சந்தேகம் வந்து கண்ணாடியின் குறுக்கே இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தால் நடுவில் வளைவு. உண்மையைச் சொல்வது கடமை என்பதால், "இது உன்னை ஒல்லியாகக் காட்டுகிறது, நேரான கண்ணாடியில் நீ இப்படி இருக்கமாட்டாய்" என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று கடையைவிட்டு இறங்கிவிட்டாள். சொன்னதில் என்ன பிழை என்று இன்றுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை.

மூன்றாவது கடையில்தான் அது இருந்தது. மாமா, நான் எதையும் லேசில் பாராட்டுகிறவன் இல்லை. எல்லா இழுப்பறையையும் இழுத்து மூடினேன், ஒன்றுகூட முனகவில்லை. ரசமட்டம் வைத்தேன், குமிழி நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. பெரிய கண்ணாடி, நேரான கண்ணாடி. குறை ஒன்றாவது கிடைக்குமா என்று தேடி, மூலையில் இருந்த கறுப்புப் புள்ளிகளைக் கடைக்காரரிடம் காட்டி ரசம் போயிருக்கிறது என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த அந்தப் பெரியவர், "அது வயசு தம்பி. உங்களுக்கும் வரும்" என்றார். பிறகு நான் காலின் உறுதியைச் சோதிக்கத் தரையில் படுத்திருந்தபோது, அவர் தங்கள் மகளை மேசைக்குப் பின்பக்கம் கூட்டிப்போய் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். எண்ணெய் போடுவது, துணியால் துடைப்பது பற்றி இருக்கும் என்று நான் காது கொடுக்கவில்லை.

இங்கேதான் ஒப்பந்தம் வருகிறது. எங்கள் வீட்டில் அந்த மேசை நிற்கக்கூடிய சுவர் ஒன்றே ஒன்று, படுக்கையறையில். அந்தச் சுவரோரம் என் வேலை மேசை இருக்கிறது. பற்றவைக்கும் கருவி, அலைகாட்டி, வயிற்றைத் திறந்து போட்ட இரண்டு மிக்ஸி, தாங்கள் பழுது பார்க்கக் கொடுத்துவிட்ட சுவர்க்கடிகாரம் எல்லாம் அதன்மேல்தான். தலையணை உறைக்குள் திருகாணி கிடக்கிறது என்று கல்யாணமான நாளிலிருந்து தங்கள் மகளுக்கு அதன்மேல் வருத்தம். கடையிலேயே சொன்னாள்: "கண்ணாடி வீட்டுக்குள்ள வந்தா உங்க மேசை வெளியே போகணும். வரலைன்னா அந்த மேசையைப் பத்தி இனிமே நான் வாயே திறக்கமாட்டேன்." ஒப்புக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து லிஃப்டுக்கு எதிரே நின்று, "இதுக்குள்ள அது நுழையாதுங்க, விட்டுடலாம்" என்று அவளே சொன்னாள். மாமா, அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருந்தால் போதும். என் மேசை பிழைத்திருக்கும், இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. ஆனால் அளக்காமல் ஒருவர் முடிவு சொன்னால் எனக்குத் தாங்காது. லேசர் மீட்டரை எடுத்து வாசலில் நின்றபடி லிஃப்டின் ஆழத்தை அளந்தேன். மேசை நுழைந்து, பக்கத்தில் நாலு பேர் நின்று அரட்டை அடிக்கலாம் என்கிற அளவு வந்தது. "இது எப்படிங்க? நான் உள்ள நின்னாலே மூக்கு இடிக்குதே" என்றாள். மூக்கு ஒரு அளவுக்கருவி இல்லை என்று சொல்லிவிட்டேன். மறுபடி அளந்தேன், அதே அளவு. மேசையை வாங்கிவிட்டோம்.

வந்திறங்கிய அன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாதி மேசை லிஃப்டுக்குள், பாதி வெளியே. கதவு வந்து மேசையை இடிப்பதும், மன்னிப்புக் கேட்பதுபோல விலகுவதும், மறுபடி வந்து இடிப்பதுமாக இருந்தது. எல்லா மாடியிலிருந்தும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். சுமை தூக்க வந்தவர்களில் மூத்தவர் என்னைப் பார்த்து, "சார், லிஃப்ட் சுருங்கிடுச்சா, மேசை வளந்துடுச்சா?" என்று கேட்டார். நான் மீட்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கள் மகள் நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குட்டிக் கண்ணாடியை விட்டு, அதில் தெரிகிற பல்லைப் பார்த்துப் பார்த்தே வேலை செய்கிறவள். லிஃப்டின் பின்சுவரை ஒரு பார்வை பார்த்தாள். அங்கே குடியிருப்போர் சங்கத்தார் மாட்டிவைத்த ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. "இன்ஜினியர் சார், நீங்க அளந்தது லிஃப்ட்டை இல்ல, கண்ணாடிக்குள்ள தெரிஞ்ச லிஃப்ட்டை" என்றாள்.

அவள் சொன்னது சரி. லேசர் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, என்னைக் கடந்து, பின்னால் இருந்த சுவரில் போய் விழுந்திருக்கிறது. போன வழியையும் வந்த வழியையும் மீட்டர் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். படிக்கட்டிலும் முயன்றோம், திருப்பத்தில் கைப்பிடி குறுக்கே நின்றது. கடைசியில் வாசல் கூடத்தின் சுவரோரம் மேசையை நிறுத்திவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து அது அங்கேதான். தங்கள் மகள் ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை சீப்பையும் ஊசிகளையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். கொண்டை போடும்போது ஊசி பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றாள், நானும் போய் நின்றேன். முன்பெல்லாம் அந்த நேரத்தில் நான் என் மேசையில் குனிந்திருப்பேன், அவள் கிளம்பியதே கதவு சாத்தும் சத்தத்தில்தான் தெரியும். இப்போது ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டே பேசுகிறோம். முந்தின நாள் யாருக்கு எந்தப் பல் போனது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இதில் எனக்குச் சிரமம் எதுவும் இல்லை என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

சிரமம் சங்கச் செயலாளரால் வந்தது. பொது இடத்தில் தனியார் பொருள் கூடாது என்று எழுதிக் கண்ணாடியிலேயே ஒட்டினார். இரண்டு நாளில் அந்தக் காகிதம் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது, மேலே இருந்தால் அவர் மீசையை மறைக்கிறதாம். காவலாளி காலையில் முதல் சலாமைத் தனக்கே வைத்துக்கொள்கிறார். பாட்டு டீச்சர் அதன் முன்னால் நின்று வாயைத் திறந்து ஸ்வரம் பாடுகிறார், அப்போது தங்கள் மகள் அவருடைய கடைவாய்ப் பல்லையும் பார்த்துச் சொல்லிவிடுகிறாள். ஆபீஸ் போகிற நேரத்தில் கூட்டம் தாங்கவில்லை என்று இப்போது செயலாளர் கெடு வைத்திருக்கிறார். இந்த வாரக் கடைசிக்குள் மேலே ஏற்ற வேண்டும், இல்லையென்றால் சங்கத்துக்கே கொடுத்துவிட வேண்டும், இரண்டும் முடியாது என்றால் வண்டிக் கொட்டகைக்குத் தள்ளிவிடுவார். அந்த ஈரத்தில் மிச்ச ரசமும் போய்விடும். இதைத் தங்கள் மகளிடம் பதறிப்போய்ச் சொன்னால், "பார்க்கலாம்" என்று சிரிக்கிறாள்.

ஆகவே நான் கேட்கும் உதவி இதுதான். நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள், தாங்கள் சொன்னால் கேட்பாள். கண்ணாடியைச் சங்கத்துக்குக் கொடுத்துவிடச் சொல்லி அவளுக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். அது மேலே ஏற வழியே இல்லை என்பதை நான் தொழில்முறையில் உறுதி சொல்கிறேன். அவளுக்குக் கண்ணாடி இருக்கும், எனக்கு என் மேசை இருக்கும், செயலாளருக்கு மீசை இருக்கும். காலையில் இப்போது நடப்பது அப்படியே நடக்கும். வெளியே நின்று தலை வாருவது தங்களுக்குக் கௌரவக் குறைச்சலாகத் தோன்றலாம், வந்து ஒரு நாள் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது.

அத்தைக்கு என் வணக்கம். முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம் என்று சொல்லவும். தங்கள் ஆசி எங்கள் இருவருக்கும் வேண்டும், எனக்குச் சற்றுக் கூடுதலாக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
அளவில் ஒருமுறை மட்டும் தவறிய
மருமகன்

பின்குறிப்பு: உறையில் எழுத வீட்டு எண் சரியா என்று கேட்கத் தங்கள் மகளிடம் கடிதத்தை நீட்டினேன். அவள் உறையை விட்டுவிட்டு உள்ளே இருந்ததை முழுவதும் படித்தாள். "ஏற வழியே இல்லை" என்ற இடத்தில் நிறுத்தி, "பின்பக்கம் நாலு திருகாணிங்க. கழட்டினா கண்ணாடி தனி, மேசை தனி. கடைக்காரர் அன்னைக்கே காட்டினார்" என்றாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "மேலே போயிட்டா ஊசி பிடிக்க யார் வருவா?" என்றாள். நான் போய்த் திருப்புளியை எடுத்து வந்தேன். திருகாணிகளைக் கழற்றினோம், மேசையைச் செங்குத்தாக நிமிர்த்தினோம், லிஃப்டுக்குள் இரண்டு நடையில் எல்லாம் சாதுவாகப் போய்விட்டது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், என் வேலை மேசை வெளியே வந்துவிட்டது. வாசல் கூடத்தில் இடம் காலியானதால் செயலாளர் அதே சுவரோரம் போட அனுமதித்திருக்கிறார், அவர் வீட்டு இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லையாம். இந்தப் பின்குறிப்பை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இன்று காலை கண்ணாடி மேலே தனியாக நிற்க, தங்கள் மகள் சீப்போடு கீழே வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "சரியா இருக்கான்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். கொண்டை இடது பக்கம் தூக்கியிருக்கிறது என்று நான் சொன்னால் உண்மையிலேயே இடது பக்கம்தான், கண்ணாடி மாதிரி மாற்றிக் காட்டமாட்டேன் என்பதை அவளே ஒப்புக்கொண்டாள். ஆகவே மாமா, தாங்கள் கேள்விப்பட்டது இன்னும் உண்மை. மேலே நான் எழுதிய விளக்கமும், கேட்ட உதவியும்தான் செல்லாது. தங்கள் சுவர்க்கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளவும்; காலை வேளையில் வந்தால் எங்கள் இருவரையும் வாசலிலேயே பார்க்கலாம்.