தள்ளி விட வந்தவர்கள்

கல்யாணத்துக்குப் பிறகு நானாக, யாரையும் கேட்காமல் எடுத்த முடிவு ஒன்றே ஒன்றுதான். அதையும் குளியலறைக்குள் வைத்துத்தான் எடுத்தேன். தலை முழுக்க சோப்பு நுரை. கண் எரிகிறது. அந்த நிலைமையிலும் சுவரைப் பார்த்துச் சொன்னேன்:

"என் உடம்புல உயிர் இருக்கற வரைக்கும் என் வண்டியை விக்க விடமாட்டேன்!"

சுவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் என்னை எதிர்த்துப் பேசாதது அது மட்டும்தான்.

வண்டி என்றால் கார் இல்லை. சின்ன லாரி. டீசல் வண்டி. கட்டில், பீரோ, கடைச் சரக்கு என்று ஊர்ப்பட்ட சாமானெல்லாம் அதன் முதுகில் ஏறி இறங்கியிருக்கிறது. எங்கள் வீட்டு அடுப்பு புகைந்ததே அது புகைந்ததால்தான். புகை கொஞ்சம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். மேடு ஏறும்போது பின்னால் வருகிறவன் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொள்வான். அதற்காக விற்றுவிடுவதா?

கொஞ்ச நாளாகவே என் சம்சாரத்துக்கும் எனக்கும் இந்த வண்டியால்தான் தகராறு.

"என்னங்க, வண்டியை ஒரு மெக்கானிக்கிட்ட காட்டுங்களேன்."

"எதுக்கு? என் வண்டிக்கு ஒரு குறையும் இல்ல."

"கறுப்பா புகை விடுதே."

"டீசல் வண்டி பின்ன எப்படி விடும்? பால் பொங்கற மாதிரி வெள்ளையாவா?"

"பிரேக் ரெண்டு தரம் மிதிச்சாத்தான் பிடிக்குது."

"நீ ஒரு தரம் கூப்பிட்டா நான் வர்றேனா? ரெண்டாவது தரம் கூப்பிட்டாத்தானே வர்றேன்! அது என் வண்டி. என்னை மாதிரித்தான் இருக்கும்."

"ரெண்டாவது தரம் மிதிக்கறதுக்குள்ள சுவர் வந்துட்டா?"

"ஏன், சுவர் ஒதுங்கிக்காதா?"

இந்த இடத்தில் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். அவள் எழுந்து போனால் பேச்சு முடிந்தது என்று அர்த்தமில்லை. வேறு எங்கேயோ ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். இது எனக்கு அப்போது தெரியாது.

இதற்கு நடுவில் எங்கள் பெண் வீடு மாறுகிறாள் என்று செய்தி வந்தது. புது வீடு மேட்டுத் தெருவில். பேருக்கு ஏற்ற தெரு அது. ஏறும்போது வானம் தெரியும், இறங்கும்போது அடுத்த தெருவின் கூரை தெரியும். சாமானை நான்தான் ஏற்றிப் போகவேண்டும். முன்னால் என் பக்கத்தில் பெண்ணும் அவள் கைக்குழந்தையும்.

"இந்த வண்டியில அதுங்களை ஏத்த நான் சம்மதிக்க மாட்டேன்," என்றாள் சம்சாரம்.

"வேற எந்த வண்டியில ஏத்துவே?"

"எந்த வண்டியில வேணா ஏத்துவேன். இதுல மாட்டேன்."

அந்த நேரம் பார்த்து வண்டியும் என் மானத்தை வாங்கியது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பாதிக் கொட்டாவியோடு தூங்கிப்போனவன் மாதிரி. நானும் தினமும் போய்த் திருப்புவேன், அதுவும் தினமும் 'டிக்' என்று சொல்லும். "வெயில் ஏறட்டும், தானா சரியாயிடும்" என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

இப்போது குளியலறைக்கு வருவோம். உள்ளே நான் நுரையோடு நிற்கிறேன். வெளியே கொடியில் துணி உலர்த்திக்கொண்டே அவள் போனில் பேசுகிறாள். ஜன்னலுக்கு நேர் கீழே.

"தம்பி, காலையில ரெண்டு ஆளோட வந்துடு. ஆமா, அவரையும் கூட்டிக்கிட்டு வா. வண்டியைத் தள்ளி விட்டுடலாம். இல்லடா, இவர்கிட்ட சொல்ல வேண்டாம். குதிப்பாரு."

நுரை கண்ணுக்குள் போய்விட்டது. தள்ளி விட்டுடலாமாம்! ஒரு பழைய பொருளைத் தள்ளி விடுவது என்றால் என்ன? வந்த விலைக்கு எவன் தலையிலாவது கட்டுவது. நாங்கள் பழைய தையல் மெஷினைத் தள்ளி விட்டோம். கால் ஆடுகிற மேஜையைத் தள்ளி விட்டோம். அடுத்தது என் வண்டி. அதற்கு அடுத்தது யாரென்று எனக்குத் தெரியாதா?

அங்கேதான் அந்த முடிவை எடுத்தேன்.

என் திட்டம் ரொம்பச் சுலபம். வாங்க வருகிறவன் வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் ஓடவேண்டும். சாயந்திரம் அவள் கடைக்குப் போன நேரத்தில் என் பழைய பனியன் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், வண்டிக்குள் காற்று போகிற ஃபில்டர் டப்பாவில் திணித்தேன். படிக்காதவன்தான் நான், ஆனால் வண்டியின் வயிறு எனக்குத் தெரியும். டீசல் எரியக் காற்று வேண்டும். காற்றுக் குறைந்தால் டீசல் அரைவேக்காடாக வெளியே வரும், கறுப்பாக. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவனை ஓடச் சொன்னால் எப்படி இரைப்பானோ, அப்படி.

காலையில் வந்தார்கள். என் மச்சினனுக்கு எங்கள் வட்டாரத்தில் 'மூட்டை' என்று பெயர். மளிகைக் கடை வைத்திருக்கிறான், மூட்டையும் தூக்குவான், பார்ப்பதற்கும் அப்படித்தான். கூட அவன் கடை ஆட்கள் ரெண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருத்தர். வந்ததும் வராததுமாக டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

ஆஹா, இவன்தான் வாங்க வந்தவன்!

"வாங்க சார், வாங்க," என்றேன். "வண்டியைப் பத்தி நானே சொல்லிடறேன். மறைக்கற பழக்கம் நமக்குக் கிடையாது."

வாசலில் நின்ற என் சம்சாரம் புருவத்தை உயர்த்தினாள்.

"டயர் ஒரு பக்கமா தேஞ்சிருக்கே ஐயா?" என்றார் சட்டைக்காரர்.

"தேயாம? முன் சக்கரம் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு முகம் பார்க்கறதில்ல சார். அலைன்மெண்ட் போச்சு. புருஷன் பொண்டாட்டி மாதிரி அது ஒரு பக்கம் இழுக்கும், இது ஒரு பக்கம் இழுக்கும்."

"சூடாகுமா?"

"பக்கத்து ஊர் போறதுக்குள்ள ரேடியேட்டர்ல டீ போட்டுக் குடிக்கலாம். பெல்ட்டு தொளதொளன்னு தொங்குது, விசிறி வேண்டாவெறுப்பா சுத்துது. தண்ணி வேற எங்கேயோ கசியுது."

"கிளட்ச் எப்படி?"

"வழுக்குது. இன்ஜின் கத்தும், வண்டி நகராது." மச்சினனைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டேன். "சில பேர் இல்லையா, அந்த மாதிரி."

"என்னையா சொல்றீங்க மாமா?" என்றான் மூட்டை.

"வண்டியைச் சொன்னேன்டா."

"புகை?" என்றார் அவர்.

"எந்தக் கலர்ல வேணும் சார்? காலையில வெள்ளை வரும். இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது டீசல் சரியா பத்திக்காது, அப்படியே ஆவியா வெளிய போயிடும். மேடு ஏறினா கறுப்பு. எப்பவாவது நீலம். நீலம் வந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம். உள்ள பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு."

"பிரேக்?"

"பிரேக்கா! முதல் தரம் மிதிச்சா கால் தரைக்குப் போயிடும். ரெண்டாவது தரம்தான் யோசிச்சுப் பிடிக்கும்."

அவர் முகம் மாறியது. "எத்தனை நாளா ஐயா இப்படி?"

"அது ஆச்சு சார், ரொம்ப நாள்," என்றேன் பெருமையாக.

பின்னால் என் சம்சாரத்தின் குரல் கேட்டது. "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டுக்கிட்டேன்மா," என்றார் அவர்.

"சரி, ஸ்டார்ட் பண்ணுங்க," என்றான் மூட்டை.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். டிக். "பேட்டரியும் செத்துப் போச்சு சார்!" என்று ஜன்னல் வழியாக அறிவித்தேன். இப்போது ஓடுவான் என்று பார்த்தால், அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார். மூட்டையும் ஆட்களும் போனார்கள். நாலு பேரும் தோள் கொடுத்தார்கள். வண்டி உருண்டது. ரெண்டாவது கியரில் கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கல். ஒரு உறுமல். அப்புறம் என் பனியன் தன் வேலையைக் காட்டியது.

தெரு காணாமல் போய்விட்டது. எதிர்வீட்டுத் தையல்காரி ஜன்னலைச் சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. ரெண்டு தரம் மிதித்து வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் பார்த்தேன். புகைக்குள்ளிருந்து மூட்டை வந்தான். பல் மட்டும் தெரிந்தது.

"பார்த்தீங்களா சார்!" என்று கத்தினேன். "இதை யாராவது காசு கொடுத்து வாங்குவாங்களா?"

"வாங்கறதா?" என்றார் அவர் இருமிக்கொண்டே. "யாரு?"

பதில் சொல்வதற்குள் ஃபில்டர் டப்பாவைத் திறந்துவிட்டார். ரெண்டு விரலால் பனியனை வெளியே இழுத்தார். வெள்ளைப் பனியன், இப்போது கரித்துணி.

"அடடே, இதைத்தான் நேத்து ராத்திரி பூரா தேடினேன்," என்றாள் என் சம்சாரம்.

"நீ சும்மா இரு! என் வண்டியை விக்கறதுக்கு ஆளைக் கூட்டிக்கிட்டு வந்துட்டு..."

"விக்கறதா? இதை யார் வாங்குவாங்க? இவர் மெக்கானிக்குங்க. வண்டி ஸ்டார்ட் ஆகலையே, தள்ளி விட ஆள் வேணுமேன்னு தம்பியை வரச் சொன்னேன்."

"தள்ளி விடறதுன்னா..."

"பின்னாடி நின்னு கையால தள்ளி விடறது. நீங்க என்ன நினைச்சீங்க?"

 பானெட்டைக் கட்டிக்கொண்டேன். சுட்டது. சுடட்டும், என் வண்டி! யாரும் அதை விற்கவில்லை. நெஞ்சுக்குள் இத்தனை நேரம் அடைத்திருந்த பனியனையும் யாரோ உருவின மாதிரி மூச்சு வந்தது.

மூச்சு வந்ததும் புத்தியும் வந்தது. "சார், நான் சொன்னதெல்லாம் பொய். உங்களைத் துரத்தறதுக்காகச் சொன்னது. என் வண்டிக்கு ஒரு குறையும் இல்ல."

 மெக்கானிக் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். வெளியே வந்தபோது சட்டையில் இஸ்திரி போன இடம் தெரியவில்லை.

"ஐயா, நீங்க சொன்னதுல பொய் ரெண்டே ரெண்டுதான். கிளட்ச் நல்லா இருக்கு. பேட்டரியும் சாகல, முனையில உப்பு பூத்துக் கிடக்கு. சுடுதண்ணி ஊத்திக் கழுவி இறுக்கினா போதும். மத்ததெல்லாம் நிஜம். அந்த ஃபில்டரே அடைஞ்சு போயிருக்கு, நீங்க பனியனை வீணாக்கியிருக்கவே வேண்டாம்."

அப்புறம் விரலை நீட்டினார். ஈரமாக இருந்தது.

"பிரேக் ஆயில். பின் சக்கரத்துக்குப் போற குழாய் அடிச்சட்டத்துல உரசி உரசிக் காகிதம் மாதிரி ஆயிடுச்சு. பாரத்தோட ஒரு இறக்கத்துல அழுத்தி மிதிச்சிருந்தீங்கன்னா..."

 எனக்கு மேட்டுத் தெரு தெரிந்தது. பக்கத்து சீட் தெரிந்தது. கைக்குழந்தையின் கால் தெரிந்தது. சம்சாரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.  அவள் திட்டியிருந்தால் தேவலை.

"எடுத்துக்கிட்டுப் போங்க சார்," என்று சாவியை நானே நீட்டினேன். என் கையிலிருந்து வேறொருத்தர் கைக்கு அந்தச் சாவி போனது அதுதான் முதல் தடவை.

வண்டி பட்டறைக்குப் போனது. மூட்டை எங்கள் வீட்டுக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, அக்கா போன்ல சொன்னதும் மெக்கானிக் வர்றார்னு நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு கூத்து உண்டா?"

"எந்தப் போன்ல மாமா? என் போன் தண்ணித் தொட்டியில விழுந்து வாரக்கணக்காச்சு. அக்கா நேரா கடைக்கு வந்துல்ல சொல்லிட்டுப் போனாங்க."

எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. குளியலறை ஜன்னல். கொடி. அந்தச் சத்தமான பேச்சு. பனியனுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

"யார்கிட்டடி போன்ல பேசினே நேத்து?"

"உங்ககிட்டத்தான்," என்றாள், தலை நிமிராமல். "குறை என்னன்னு கேட்டா ஒண்ணுமே இல்லம்பீங்க. எவனோ வாங்க வர்றான்னா ஒண்ணு விடாம கொட்டிடுவீங்க. மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்."

வண்டி திரும்பி வந்தது. புகை இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டியிருந்தது. பெண்ணின் சாமானையெல்லாம் ஏற்றி, அவளையும் குழந்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேட்டுத் தெருவுக்கு ஓட்டினேன். ஏறினோம், மூச்சு வாங்கவில்லை. அந்தப் பக்கத்து இறக்கத்தில் புது வீட்டு வாசல் வந்ததும் பிரேக்கை மிதித்தேன். ஒரே தரம். வண்டி நின்றது. எவ்வளவு மெதுவாக என்றால், குழந்தை கண் திறக்கவில்லை. நான்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"என்னப்பா, இறங்கலையா?" என்றாள் பெண்.

"இறங்கறேன்மா. நல்லா இருக்கு, அதான் உட்கார்ந்திருக்கேன்."

அன்றைக்குச் சாயந்திரம் வாசல் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். எதிரே என் வண்டி, கழுவி நிறுத்தியிருந்தது. இவ்வளவு நிம்மதியாக நான் உட்கார்ந்து ரொம்ப நாள் ஆயிற்று. சம்சாரம் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போகணும்," என்றாள்.

"ஏன், உனக்கு என்ன பண்ணுது?"

"எனக்கில்ல. உங்களுக்கு."

"எனக்கா? என் உடம்புக்கு ஒரு குறையும் இல்ல!"

 அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

முழங்கால் வலியில் ஆரம்பித்தேன்.