ஒரே மேசைக்கு முப்பது மீட்டர் ஒயர்

அன்பு மகள் ரித்திகாவுக்கு,

சூலூரிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆறு தறிகளும் சௌக்கியம். பழைய கம்ப்யூட்டருக்கு மட்டும் மூச்சு வாங்குகிறது. புனேயில் உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்க மாசாணியம்மன் துணை. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்பதால், அம்மா அனுப்பும் கச்சாயப் பலகார டப்பாவுக்குள் இதை வைக்கிறேன்.

முதலில் என் மானம் போன கதை. நாம் முன்பு நெய்த மாங்காய்க் கரைச் சேலையில் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மாதிரி காட்டினால் ஆர்டர், இல்லாவிட்டால் வேறு தறிக்குப் போய்விடுவேன் என்று உடுமலைப்பேட்டை ஜவுளிக்காரர் பங்காரு சொல்லிவிட்டார். அந்த டிசைனோ, நீ காலேஜில் படித்தபோது வரைந்தது, பழைய கம்ப்யூட்டருக்குள் கிடக்கிறது. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டருக்கு அதை மாற்றினால்தான் தறியில் ஏற்ற முடியும். அதில் பென் டிரைவ் செருகும் ஓட்டையெல்லாம் தறிப்பஞ்சு அடைத்துச் செத்துப்போனது, இன்டர்நெட்டும் கிடையாது. "ஒரு ஒயரைப் போட்டு புதுசையும் பழசையும் நேரா இணைச்சுபோடுங்கப்பா, முடியலீன்னா ஆளைக் கூப்பிடுங்க" என்று நீ சொன்னாய். அந்த 'முடியலீன்னா'வில் எனக்கு வைராக்கியம் வந்து கடைக்குப் போனேன். கடைக்காரர் ஆசிப் "எத்தன மீட்டருங்க?" என்றார். மீட்டர் என்று யாராவது கேட்டால் நெசவுக்காரனான எனக்குச் சின்னதாகச் சொல்ல வராது, முப்பது என்றேன். "கம்ப்யூட்டர் ரெண்டும் வேற வேற ஊட்லீங்களா?" "இல்லீங்க, ஒரே மேசைலதானுங்க." கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்ன வாய்க்காக முப்பதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவ்வளவு ஒயர் மேசையில் கிடந்தால் உன் அம்மா பேசுவாளே என்று, இரண்டு முனைகளையும் விட்டுவிட்டு நடுவில் இருபத்தெட்டு மீட்டரை வெட்டி எடுத்துவிட்டேன். உள்ளே எட்டே எட்டுக் கம்பி. ஐயாயிரம் பாவு இழை முடிந்தவனுக்கு எட்டு எந்த மூலைக்கு? விரலில் எச்சில் தொட்டு எட்டையும் தறி முடிச்சாகவே போட்டேன். இழுத்துப் பார்த்தேன், அறுபடவில்லை. செருகினேன், ஒரு விளக்கும் எரியவில்லை. உன் அம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, மேல்தோலோட முடிஞ்சா கரண்ட் எப்படீங்க போவும்? சேலையா நெய்யறீங்க?" என்றாள்.

மறுநாள் மறுபடி ஆசிப் கடை. அவர் முடிச்சை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "முடிச்சு சுத்தமா இருக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒன்றரை மீட்டர் ஒயர் தந்தார். விளக்கு எரிந்தது. அடுத்து, இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு பேச, நீ எழுதி அனுப்பியபடி பழையதற்கு ஒன்றில் முடியும் எண், புதியதற்கு இரண்டில் முடியும் எண் கொடுக்க வேண்டும். எனக்கு மனசு கேட்கவில்லை. பெரியப்பாவும் நானும் பாகம் பிரித்து, வீட்டுக் கதவு 14, 14ஏ என்று ஆன நாளிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. இதுகளுக்கும் அந்தக் கதி வேண்டாமென்று இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தேன். இந்த எண் இன்னொருவரிடம் இருக்கிறது என்று உடனே சண்டை. வேறு வழியில்லாமல் பாகம் பிரித்தேன், இரண்டும் பேச ஆரம்பித்துவிட்டன. இதைப் பெரியப்பாவிடம் யார் போய்ச் சொல்வது?

வியாழன் மத்தியானம் எல்லா டிசைனும் புதியதற்கு வந்து சேர்ந்தது. ஆளைக் கூப்பிடவில்லை என்பதை நீ குறித்துக்கொள்ள வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

உன் அப்பா,
மோகன்குமார்

பின்குறிப்பு: மாங்காய்க் கரையை நான் நெய்யவே இல்லை. டிசைன்கள் ஒவ்வொன்றாய் வந்துகொண்டிருந்தபோது 'அப்பா வேண்டாம்னது' என்று ஒரு போல்டரும் வந்தது. உள்ளே நாற்பது டிசைன். பதினேழாவதில், கரை நெடுக மின்கம்பி, அதில் வரிசையாகக் குருவிகள், ஒன்று மட்டும் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் தறியில் ஏற்றினேன். வெள்ளிக்கிழமை வந்த பங்காரு மாங்காயைக் கேட்கவே இல்லை. கரையைத் தடவிக்கொண்டே, "இது ஆருங்க போட்டது?" என்றார். "எம்பொண்ணுங்க" என்றேன். நீ இதைக் காட்ட வந்த அன்றைக்கு, தறியை விட்டுத் தலையைக்கூடத் திருப்பாமல் வேண்டாமென்று சொன்னேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.